மாத்திரை லேட்டாயிடுச்சா? முதல்ல அட்டைய எடுத்துப் பாருங்க

ராத்திரி கடை சாத்துற நேரத்துலதான் கருத்தடை மாத்திரைய பத்தின இந்தக் கேள்வி வரும். மத்தவங்க எல்லாம் போகட்டும்னு ஓரமா நின்னு, இருமல் மிட்டாய் ரெண்டு வாங்கி, சில்லறைய எண்ணி, அப்புறம் மெதுவா, "அக்கா, நேத்து போட வேண்டிய மாத்திரைய மறந்துட்டேன், இப்ப என்ன பண்றது"ன்னு கேப்பாங்க. சில பேர் வீட்டுக்காரர அனுப்பி விடுவாங்க, அவரு சட்டப் பைல இருந்து கசங்கின அட்டைய எடுத்து கவுன்டர்ல வெச்சுட்டு ரோட்டப் பாத்துட்டு நிப்பாரு. மெடிக்கல்ல உள்பக்கம் நின்னு எட்டு வருஷமாச்சு, இதுக்கு எத்தனை தடவ பதில் சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல, அதான் ஒரு தடவ உக்காந்து முழுசா எழுதிடலாம்னு.

இத்தனை வருஷத்துல நான் பாத்தது என்னன்னா, பயப்பட வேண்டியவங்க பயப்படுறதில்ல, பயப்பட வேண்டாதவங்கதான் தூங்காம ஓடி வர்றாங்க. அட்டையோட நடுவுல ஒரு மாத்திரை ஆறு மணி நேரம் லேட்டானதுக்கு கண்ணு கலங்கி வந்து நிப்பாங்க, அவங்களுக்கு ஒண்ணுமே ஆகாது. "ஊர்ல கோயில் கொடைக்குப் போயிருந்தேன்கா, புது அட்டைய மூணு நாள் கழிச்சுதான் ஆரம்பிச்சேன், மத்தபடி ஒண்ணு கூட விடல"ன்னு சிரிச்சுட்டே சொல்றவங்களப் பாத்தாதான் எனக்கு பக்குன்னு ஆகும். ஏன்னு வரிசையா சொல்றேன்.

முதல் வேலை, உங்ககிட்ட இருக்கறது எந்த மாத்திரைன்னு தெரிஞ்சுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேற. அரசு ஆஸ்பத்திரில சும்மா குடுக்கற மாலா-என், கடைல வாங்குற மாலா-டி, இது ரெண்டும் ஒரே சமாச்சாரம்தான், 28 மாத்திரை இருக்கும், 21 வெள்ளை, 7 பிரவுன். வெள்ளைலதான் ஹார்மோன் இருக்கு, ரெண்டு ஹார்மோன், லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். பிரவுன் வெறும் இரும்புச்சத்து. ஓவ்ரல்-எல், நோவெலான் மாதிரி பிராண்டுகள்ல 21 மட்டும்தான் இருக்கும், பிரவுன் கிடையாது, ஏழு நாள் நீங்களே எண்ணி விடணும். இதையெல்லாம் சேத்து கூட்டு மாத்திரைன்னு வெச்சுக்குவோம். இது தவிர பால் குடுக்கறவங்களுக்கு எழுதித் தர்ற ஒத்த ஹார்மோன் மாத்திரை இருக்கு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு போடற சாயா இருக்கு. அதுக்கெல்லாம் கீழ தனியா வர்றேன். அட்டையோட பேரு தெரியலன்னா அட்டையவே எடுத்துட்டு மெடிக்கலுக்கோ பி.எச்.சி-க்கோ (அரசு ஆரம்ப சுகாதார நிலையம்) போங்க. "அந்த சின்ன வெள்ளை மாத்திரை"ன்னு சொன்னா எங்களுக்கும் தெரியாது, கடைல பாதி மாத்திரை சின்ன வெள்ளை மாத்திரைதான்.

ரெண்டாவது, மணி நேரத்த எண்ணுங்க. "ஒரு நாள் விட்டுட்டேன்"ங்கறது கணக்கு கிடையாது. நீங்க வழக்கமா ராத்திரி 9 மணிக்குப் போடறீங்கன்னு வெச்சுக்கோங்க, திங்கக்கிழமை மறந்துட்டீங்க, செவ்வாய் காலைல பல்லு விளக்கும்போது ஞாபகம் வருது. இது வெறும் லேட்டு, பத்து மணி நேரம். உடனே அந்த மாத்திரைய போடுங்க, ராத்திரி 9 மணிக்கு வழக்கமானத போடுங்க, முடிஞ்சுது, காண்டம் கூட தேவையில்ல. அதே செவ்வாய் ராத்திரி 9 மணிக்குத்தான் ஞாபகம் வந்துச்சுன்னா 24 மணி நேரமாச்சு, அப்ப திங்கக்கிழமையோடதும் செவ்வாயோடதும் ரெண்டையும் சேத்துப் போட்டுக்கலாம், தப்பில்ல, ஆனா வெறும் வயித்துல போடாதீங்க குமட்டும், சாப்பிட்டுட்டு போடுங்க. இதுக்கும் பொதுவா வேற எதுவும் தேவைப்படாது. ரெண்டு போட்டா ஏதாவது ஆயிடுமோன்னு அந்த ஒண்ண குப்பைல போட்டுட்டு வர்றவங்க இருக்காங்க, வேண்டாம், போடுங்க. ரெண்டு நாள் லேசா ரத்தப் பொட்டு வந்தாலும் வரும், மார்ல கொஞ்சம் வலிச்சாலும் வலிக்கும், அதுவா சரியாயிடும்.

48 மணி நேரத்த தாண்டிடுச்சுன்னா, அதாவது திங்க செவ்வாய் ரெண்டு நாளும் போயி புதன் ராத்திரி 9 மணிக்குத்தான் அட்டைய கைல எடுக்கறீங்கன்னா, இங்கதான் கவனம். விட்டது எல்லாத்தையும் மொத்தமா வாயில போட்டுக்கக் கூடாது. கடைசியா விட்டது ஒண்ணு மட்டும், அதாவது செவ்வாயோடது, அது கூட அன்னிக்கு உள்ளது. திங்கக்கிழமையோடத தூக்கி எறிஞ்சுடுங்க. நாலு நாள் விட்டிருந்தாலும் இதே கணக்குதான், கடைசியா விட்டது ஒண்ணு, இன்னிக்கு உள்ளது ஒண்ணு, மத்ததெல்லாம் குப்பைக்கு. அதுக்கப்புறம் விடாம ஏழு வெள்ளை மாத்திரை உள்ள போற வரைக்கும் காண்டம் போடணும், இல்லன்னா சேராம இருக்கணும். சில வழிகாட்டுதல்ல மூணு மாத்திரை விட்டாத்தான் இந்த ஏழு நாள் கணக்குன்னு இருக்கு, சிலதுல ரெண்டுக்கே சொல்றாங்க, நான் ரெண்டுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றது, ஏழு நாள் காண்டத்தால யாருக்கும் நஷ்டமில்ல.

ஒரு வாரத்துக்கு மேல விட்டுட்டேன்னா? அது மறதி இல்ல, மாத்திரைய நிறுத்தினதுதான். கர்ப்ப டெஸ்ட் பண்ணிட்டு, நர்ஸயோ டாக்டரையோ பாத்துட்டு, புதுசா ஆரம்பிங்க.

மூணாவது, இதுதான் நான் எழுதவே உக்காந்த விஷயம், அட்டைல எந்த இடத்துல ஓட்டை, அதாவது மாத்திரை விட்ட இடைவெளி, விழுந்திருக்குன்னு பாருங்க.

மாத்திரை செய்யற வேலை என்னன்னா சினைப்பைய தூங்க வைக்கிறது. தொடர்ந்து ஏழு மாத்திரை போனா அது தூங்கிடும். அப்புறம் 21 முடிஞ்சு ஏழு நாள் ஹார்மோன் இல்லாத நாள் வருது பாருங்க, பிரவுன் மாத்திரை நாளு, அந்த ஏழு நாள்ல சினைப்பை மெதுவா கண்ணு முழிக்க ஆரம்பிக்கும், முட்டை உள்ள வளர ஆரம்பிக்கும், ஆனா வெளிய வர்ற அளவுக்கு நேரம் பத்தாது, எட்டாவது நாள் நீங்க புது அட்டைய ஆரம்பிச்சதும் மறுபடி படுத்துக்கும். ஆக அந்த ஏழு நாளே நமக்கு குடுத்த கடைசி எல்லை. அது எட்டு, ஒன்பது, பத்துன்னு நீண்டுச்சுன்னா முட்டை வெளிய வர வாய்ப்பு ஏறிட்டே போகும். அதனால நடுவுல விழற ஓட்டைய விட பிரவுனுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒட்டி விழற ஓட்டைதான் ஆபத்து. புது அட்டைய ரெண்டு மூணு நாள் லேட்டா ஆரம்பிக்கிறது எல்லாத்துலயும் மோசம், அவங்க "ஒண்ணு கூட விடல"ன்னு நினைக்கிறாங்க, உண்மைல ரெண்டு மூணு விட்டிருக்காங்க.

இதுல அடிக்கடி நடக்கற தப்பு ஒண்ணு, பீரியட்ஸ் நிக்கட்டும் அப்புறம் ஆரம்பிக்கலாம்னு காத்திருக்கறது. அந்த ரத்தப்போக்கு நிக்குதோ நிக்கலயோ, சில மாசம் வரவே இல்லயோ, எட்டாவது நாள் புது அட்டை. 21 மாத்திரை அட்டைக்காரங்கதான் இதுல அதிகமா மாட்டிக்கறாங்க, ஏன்னா எண்ணிக் காட்ட பிரவுன் மாத்திரை அங்க இல்ல. காலண்டர்ல ஆரம்பிக்க வேண்டிய தேதிய பென்சில்ல ஒரு புள்ளி வெச்சு விடுங்க, போதும்.

சரி, இடத்த வெச்சு என்ன செய்யணும்னு பாப்போம், இது 48 மணி நேரத்த தாண்டினவங்களுக்கு மட்டும். முதல் வாரத்துல, அதாவது முதல் ஏழு வெள்ளைல ஓட்டை விழுந்திருந்தா, இல்ல புது அட்டைய ரெண்டு நாளோ அதுக்கு மேலயோ லேட்டா ஆரம்பிச்சிருந்தா, உடனே மேல சொன்ன மாதிரி மாத்திரைய ஆரம்பிச்சு ஏழு நாள் காண்டம், கூடவே கடந்த அஞ்சு நாள்ல காண்டம் இல்லாம சேர்ந்திருந்தீங்கன்னா, சேர்ந்ததுக்கப்புறம் கரு நிக்காம இருக்கப் போடற அவசர மாத்திரை, இல்ல கருப்பைக்குள்ள வைக்கற காப்பர்-டி பத்தி யோசிக்கணும், எது எவ்வளவு நேரத்துக்குள்ளன்னு கீழ நாலாவதுல சொல்றேன். ரெண்டாவது வாரத்துல விழுந்திருந்தா, அதுக்கு முன்னாடி ஏழு மாத்திரை ஒழுங்கா போயிருக்கற பட்சத்துல, ஏழு நாள் காண்டம் மட்டும் போதும். மூணாவது வாரத்துல, 15-லிருந்து 21 வரைக்கும் உள்ள வெள்ளைல விழுந்திருந்தா, மிச்ச வெள்ளைய முடிச்சுட்டு பிரவுன தொடாம தூக்கிப் போட்டுட்டு அடுத்த நாளே புது அட்டைய ஆரம்பிங்க, அதோட ஏழு நாள் காண்டம். அந்த மாசம் பீரியட்ஸ் வராது, இல்ல லேசா பட்டுட்டுப் போகும், வயித்துல ரத்தம் தேங்கிடும்னு பாட்டி சொல்வாங்க, தேங்காது, மாத்திரைல இருக்கும்போது உள்ள அந்த அளவுக்கு எதுவும் வளர்றதே இல்ல.

பிரவுன் மாத்திரைய மறந்துட்டீங்களா, நிம்மதியா இருங்க, விட்டத எறிஞ்சுடுங்க. புது அட்டை மட்டும் சரியான நாள்ல.

நாலாவது, அவசர மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சட்டப்படி இதுக்கு டாக்டர் சீட்டு தேவையில்ல, ஆனா நம்ம தமிழ்நாட்டுல நிறைய மெடிக்கல்ல ஸ்டாக்கே வைக்கிறதில்ல, கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க, எங்க தொழில்ல இருக்கறவங்க மேலயே எனக்கு இருக்கற கோவம் இது. ஒரு கடைல இல்லன்னா வீட்டுக்குத் திரும்பாதீங்க, அடுத்த கடை, இல்லன்னா அரசு ஆஸ்பத்திரி, பி.எச்.சி, அங்க ஈஸி பில்னு அரசு சப்ளை உண்டு. எங்கயுமே கிடைக்கலன்னா மாலா-என் வெள்ளை மாத்திரையவே நாலு, 12 மணி நேரம் கழிச்சு இன்னொரு நாலுன்னு ஒரு பழைய முறை இருக்கு, பலன் கொஞ்சம் கம்மி, வாந்தி அதிகம், இத நர்ஸ் இல்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க. எல்லாத்தையும் விட நல்லா வேலை செய்யறது காப்பர்-டி, சேர்ந்த அஞ்சு நாளுக்குள்ள போட்டா போதும், அப்படியே வருஷக்கணக்கா மாத்திரை தொல்லையும் இல்ல. உடம்பு கொஞ்சம் கனமா இருக்கறவங்களுக்கு, 70 கிலோவுக்கு மேல, அவசர மாத்திரையோட பலன் குறையலாம், அவங்களுக்கு காப்பர்-டிதான் என் கட்சி. அவசர மாத்திரை போட்ட கையோட வழக்கமான மாத்திரையையும் தொடரணும், ஏழு நாள் காண்டமும் உண்டு, நிறைய பேர் "அத போட்டாச்சே"ன்னு அட்டைய மூடி வெச்சுடுறாங்க, அந்த அவசர மாத்திரை அடுத்து வர்ற ராத்திரிகள காப்பாத்தாது.

இப்ப பால் குடுக்கறவங்க. குழந்தை பொறந்து ஆறு மாசம் ஆகற வரைக்கும் பால் குடுக்கறவங்களுக்கு கூட்டு மாத்திரை பொதுவா தர்றதில்ல, ஒத்த ஹார்மோன்தான். இதுல எல்லா மாத்திரையும் ஹார்மோன், லீவு நாளே கிடையாது, அதனால நேரம் ரொம்ப கறாரு. பழைய வகைல மூணு மணி நேரம் தாண்டினாலே விட்ட கணக்கு, டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் உள்ளதுல 12 மணி நேரம் வரைக்கும் தாங்கும். தாண்டிட்டா உடனே ஒண்ணு போட்டு வழக்கம் போல தொடருங்க. காண்டம் ரெண்டு நாள் போதும்னும் சொல்றாங்க, டெசோஜெஸ்ட்ரல் பெட்டிக்குள்ள இருக்கற பேப்பர்ல ஏழு நாள்னு போட்டிருக்கும், பேப்பர் சொல்றத கேளுங்க.

சாயா கதையே வேற. இதுல ஹார்மோனே கிடையாது, லக்னோல இருக்கற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சது, சென்ட்குரோமான், 30 மில்லிகிராம், கடைல சஹேலின்னு விக்கும். முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. பீரியட்ஸ் ஆன முதல் நாள் ஞாயித்துக்கிழமைன்னா ஞாயிறும் புதனும், மூணு மாசத்துக்கப்புறம் ஞாயிறு மட்டும். வாரத்துக்கு ஒண்ணுங்கறதாலயே இது மறக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், எந்த நாள்னே சில பேருக்கு மறந்துடும். மறந்தா, ஞாபகம் வந்த உடனே ஒண்ணு போடுங்க. லேட்டானது ஏழு நாளுக்குள்ளன்னா பழைய கிழமைலயே தொடரலாம், ஆனா அடுத்த பீரியட்ஸ் வர்ற வரைக்கும் காண்டம். ஏழு நாளுக்கு மேல போயிடுச்சுன்னா புது ஆள் மாதிரி முதல்ல இருந்து, மறுபடி மூணு மாசம் வாரம் ரெண்டு. சாயால பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வர்றது சகஜம், 15 நாளுக்கு மேல தள்ளிப்போனா டெஸ்ட் பண்ணிடுங்க.

கூட்டு மாத்திரைக்கே திரும்ப வர்றேன், சில பேர் மறக்கவே மாட்டாங்க, ஆனாலும் மாத்திரை உள்ள தங்கியிருக்காது. போட்ட மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா அது போடாத கணக்கு, இன்னொண்ணு போடுங்க, அதுக்குன்னு ஒரு தனி அட்டைய எடுத்து வெச்சுக்கறது நல்லது, ஓடிட்டு இருக்கற அட்டைல இருந்து எடுத்தா கிழமைக் கணக்கு குழம்பிடும். ரெண்டு நாளா வாந்தியும் பேதியும் நிக்கலன்னா அந்த நாள்களையெல்லாம் விட்ட நாளா எண்ணிக்கோங்க. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடறவங்க, வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின் சாப்பிடறவங்க, நீங்க நேரம் தவறாம போட்டாலும் அந்த மருந்துங்க இந்த ஹார்மோன கரைச்சு வெளிய அனுப்பிடும், உங்களுக்கு காப்பர்-டியோ அந்தராங்கற கருத்தடை ஊசியோதான் சரி, டாக்டர்கிட்ட ரெண்டு மருந்தையும் சேத்து சொல்லுங்க. சளிக்குத் தர்ற அமாக்ஸிசிலின் மாதிரி சாதாரண ஆன்டிபயாட்டிக்கால இது கெடாது, அந்த பயம் வேண்டாம். விரதத்தன்னிக்கு மாத்திரைக்கும் லீவு விடறவங்க ஒரு வாய் தண்ணியோட போட்டுக்கோங்க, சாமி கோச்சுக்காது.

சாமின்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. கோயில், கல்யாணம், கிரகப்பிரவேசம்னு நாள தள்ளிப்போட ஒரு மாத்திரை வாங்குவீங்களே, நோரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு தடவ, அது கருத்தடை மாத்திரை இல்ல. பீரியட்ஸ் வராததால கருவும் நிக்காதுன்னு நினைச்சு, ஓடிட்டு இருந்த மாலா-டிய நிறுத்திட்டு இத போட்டவங்க எங்கிட்ட வந்திருக்காங்க. கூட்டு மாத்திரை ஏற்கெனவே போடறவங்களுக்கு இது தேவையே இல்ல, பிரவுன விட்டுட்டு அடுத்த அட்டைய நேரா ஆரம்பிச்சாலே நாள் தள்ளிப் போகும்.

எல்லாம் செஞ்சாச்சு, ஆனாலும் மனசு கேக்கலன்னா டெஸ்ட். காண்டம் இல்லாம கடைசியா சேர்ந்த நாள்ல இருந்து மூணு வாரம் கழிச்சு பண்ணுங்க, அதுக்கு முன்னாடி பண்ணி ஒரு கோடு வந்தா நம்ப முடியாது. காலைல முதல் யூரின். பி.எச்.சி-ல நிச்சய்ங்கற கர்ப்ப டெஸ்ட் கிட் இலவசம், கிராமத்துல வி.எச்.என் (கிராம சுகாதார நர்ஸ்) அக்காகிட்ட கேட்டா கிடைக்கும். டெஸ்ட் வரைக்கும் மாத்திரைய நிறுத்தாதீங்க, ஒருவேளை கரு நின்னிருந்தாலும் இடைல போட்ட மாத்திரையால குழந்தைக்கு கேடுன்னு எதுவும் தெரிய வந்ததில்ல. ரெண்டு கோடு வந்தா வேண்டுமா வேண்டாமாங்கறது உங்க முடிவு, எதுவானாலும் டாக்டர்கிட்ட போங்க, கடைல கலைக்கற மாத்திரை கேட்டு அலையாதீங்க, எவ்வளவு நாள் ஆச்சு, கரு குழாய்ல இருக்கா பைல இருக்கான்னு பாக்காம அத போடறது ஆபத்து. கருக்கலைப்பு விஷயத்துல கல்யாணம் ஆகாதவங்களுக்கும் சட்டம் ஒண்ணுதான், 2022-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. ராத்திரி நேரத்துல யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலன்னா 104-க்கு போன் போட்டு கேக்கலாம்.

மறதி விஷயம் மட்டும் இல்ல, மாத்திரை போடற காலத்துல ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, நெஞ்சு வலி மூச்சு திணறல் வந்தாலோ, இதுவரைக்கும் வராத தலைவலியோட கண்ணு மங்கினாலோ, லேட்டு கணக்கெல்லாம் அப்புறம், நேரா ஆஸ்பத்திரி.

இனிமே மறக்காம இருக்க என்ன பண்ணலாம்னு கேட்டா, போன்ல அலாரம்னு எல்லாரும் சொல்வாங்க, சொல்றது சரிதான், மாமியார் பாக்கற வீடா இருந்தா அலாரத்துக்கு "கால்சியம்"னு பேரு வெச்சுடுங்க, பொய்யுமில்ல, உண்மையுமில்ல. அதை விட பலமா நிக்கறது ஏற்கெனவே தினமும் செய்யற ஒரு வேலையோட முடிச்சு போடறது, ராத்திரி கேஸ் சிலிண்டர மூடற நேரம், பால் உறை ஊத்தற நேரம், இப்படி. அம்மா வீட்டுக்கு கிளம்பும்போது ஹேண்ட்பேக்ல ஒரு அட்டை எப்பவும். முக்கியமா, முதல் பிரவுன் மாத்திரைய பிரிக்கிற அன்னிக்கே, 21 அட்டைக்காரங்க கடைசி மாத்திரை போட்ட அன்னிக்கே, அடுத்த அட்டைய வாங்கி வீட்டுல வெச்சுடுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல எங்க தெருல ஒரு மெடிக்கல் கூட திறந்திருக்காது, என் கடையையும் சேத்துதான் சொல்றேன்.